மெஷின் வந்தது, வெட்டு வரவில்லை

ஒவ்வொரு வருடமும் பாடசாலை தொடங்கும் காலத்தில், வாகரையிலிருந்து துறைநீலாவணை வரை மட்டக்களப்பு மாவட்டத்துப் பாடசாலைகளில் வெள்ளைத் துணிப் பொதிகள் வந்து இறங்குகின்றன. இலவசச் சீருடைத் துணித் திட்டம் 1993 இல் ஆரம்பமானது. இடையில் சில வருடங்கள் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுத்தார்கள். பிறகு துணிக்கே திரும்பினார்கள். 2025 ஆம் ஆண்டுக்குத் தேவையான துணி முழுவதையும் சீன அரசு அன்பளிப்பாகத் தந்தது. நாடு முழுவதும் 46 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்காக வந்த துணி ஏறத்தாழ ஒரு கோடியே 18 இலட்சம் மீற்றர்.

அரசு கொடுப்பது துணி. பிள்ளை போட்டுக்கொண்டு போக வேண்டியது சட்டை. இரண்டுக்கும் இடையிலுள்ள வேலையை அந்தந்த வீடுதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காகத் தாய்மார் துணிப் பொட்டலத்தோடும் ஒரு பழைய சட்டையோடும் தையற்கடை வாசலில் நிற்கிறார்கள். "அளவுச் சட்டை கொண்டு வந்தீங்களா மகள்?" என்று தையற்காரர் கேட்பார். போன வருடச் சட்டையை எடுத்து நீட்டுவார்கள். அவர் அதை மேசையில் விரித்து, எங்கே கூட்டுவது, எங்கே இறக்குவது என்று சோக்கால் கோடு போட்டுக்கொள்வார். இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரே வாரத்தில் எடுத்து வைக்க வேண்டிய தையல்கூலி, நாட்கூலிக்குப் போகும் குடும்பத்துக்குப் பெரிய சுமை. பொங்கலும் பாடசாலைத் தொடக்கமும் ஒன்றாக வரும் தை மாதத்தில், இனி ஓடர் எடுக்க ஏலாது என்று கடைக்காரரே கைவிரிப்பதும் உண்டு.

அப்படிக் காத்து நிற்கும் தாய்மாரில் பலருடைய வீட்டில் தையல் மெஷின் இருக்கிறது. துணி போட்டு மூடிக் கிடக்கிறது.

மட்டக்களப்பில் இத்தனை வீடுகளுக்கு மெஷின் வந்து சேர்ந்த கதை, இந்த மண் பட்ட துயரங்களின் கதைதான். 2004 டிசம்பர் 26 இல் கடல் ஏறி வந்து நாவலடியையும் டச்பாரையும் கல்லடிக் கரையையும் அள்ளிக்கொண்டு போனது. நாவலடி மக்கள் திராய்மடுவில் குடியேற்றப்பட்டார்கள். முதலில் பாயும் பானையும் வந்தன. பிறகு வாழ்வாதாரம் என்ற பெயரில் ஆடு, கோழி, தையல் மெஷின். 2007 இல் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் சண்டை ஓய்ந்து சனங்கள் ஊர் திரும்பியபோதும் அதே பட்டியல். 2009 இற்குப் பிறகும் அதே பட்டியல். கணவனை இழந்தவர், காணாமற்போன மகனைத் தேடி அலைபவர், குடும்பத்தைத் தனியே சுமப்பவர் என்று யாராக இருந்தாலும் பெண் என்றால் மெஷின் என்பது தொண்டு நிறுவனங்களின் எழுதாத விதியாகிவிட்டது. கொடுத்தவர்களின் நல்ல மனதில் குறை காண எதுவும் இல்லை. வெயிலில் கூலிக்குப் போகாமல், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்தபடியே நாலு காசு தேடட்டும் என்றுதான் கொடுத்தார்கள்.

பிழைத்தது கணக்கு. ஒரே ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு மெஷின் கொடுத்து எல்லோரையும் உடுப்புத் தைத்து விற்கச் சொன்னால், வாங்க யார் மிச்சம்? மெஷினோடு பயிற்சியும் கொடுத்தார்கள் என்பது உண்மை. நூல் கோர்ப்பது, பொபின் சுற்றுவது, நேர்த்தையல், ஓரம் மடிப்பது, தலையணை உறை, துணிப்பை. குறுகிய காலப் பயிற்சிகள் பலவும் அந்த இடத்தோடு சான்றிதழ் கொடுத்து முடிந்துவிட்டன. ஓர் ஆளின் உடம்பை அளந்து, அந்த அளவைக் கடதாசியில் கோடாக்கி, கோட்டைத் துணியில் வைத்து வெட்டும் வித்தை அதற்குப் பிறகுதான் வரும். அது வருவதற்கு முன் வகுப்பும் முடிந்தது, திட்டத்தின் காசும் முடிந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிராம அபிவிருத்தித் திணைக்களத்தின் தையல் பயிற்சி நிலையங்கள் இந்த வித்தையைப் பொறுமையாகச் சொல்லித் தருகின்றன. அங்கே படிக்கும் பிள்ளைகளின் கொப்பியைப் புரட்டிப் பார்க்க வேண்டும். குழந்தைச் சட்டை, பாவாடை, பிளவுஸ், சேட் என்று ஒவ்வோர் உடுப்பின் வெட்டையும் சின்ன அளவில் கடதாசியில் வெட்டி, பக்கத்துக்குப் பக்கம் ஒட்டி, அளவுகளைக் கரையில் எழுதி வைத்திருப்பார்கள். வருட முடிவுக் கண்காட்சியில் நாடா வெட்டவரும் அதிகாரிகள் தொங்கவிட்டிருக்கும் உடுப்புகளைத்தான் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பார்க்க வேண்டியது அந்தக் கொப்பியை. அந்தக் கொப்பி அச்சாகி ஊரெல்லாம் போயிருக்க வேண்டும். அது நடக்காததால், பயிற்சி முடிந்த பிள்ளை கலியாணம் முடித்துப் போகும்போது கொப்பியும் பெட்டிக்குள் போய்விடுகிறது.

தைப்பதை ஒரு வாரத்தில் கைக்குப் பழக்கிவிடலாம். வெட்டு அப்படியல்ல. ஆனால் அதுவும் எட்டாத வித்தை ஒன்றுமில்லை. ஆறு வயதுப் பெண்பிள்ளைக்கு வீட்டில் போட ஒரு கை இல்லாச் சட்டை என்று எடுத்துக்கொள்வோம். நிலத்தில் பழைய பத்திரிகை ஒன்றை விரிக்க வேண்டும். பிள்ளையின் மார்புச் சுற்றளவு 24 அங்குலம் என்றால், நாலில் ஒரு பங்கு 6. துணியை மடித்து வெட்டுவதால் முன்பக்கத்தில் பாதியும் பின்பக்கத்தில் பாதியும் வரைந்தால் போதும். சரியாக 6 அங்குலத்தில் தைத்தால் பிள்ளையால் மூச்சு விட ஏலாது; தளர்வுக்கு 1 அங்குலம், தையலுக்குள் போக அரை அங்குலம், ஆக ஏழரை. தோள் அகலம் பத்தரை அங்குலம் என்றால் அதில் பாதி ஐந்தேகால். கழுத்தடியிலிருந்து தோள்முனை கொஞ்சம் சரிந்துதான் இருக்கும், கோட்டையும் அப்படியே சரிக்க வேண்டும். முன்கழுத்து 3 அங்குல இறக்கம், பின்கழுத்து 1 அங்குலம். அந்தக் கழுத்துக்குள்ளால் பிள்ளையின் தலை நுழையாது. ஆகவே முதுகுப் பக்கம் ஒரு திறப்பும் இரண்டு பட்டனும் வேண்டும்.

அடுத்தது கைக்குழி. புதிதாகத் தைப்பவர்கள் திணறும் இடம் இதுதான். முன்பக்க வளைவு பின்பக்க வளைவை விடக் கொஞ்சம் ஆழமாக இருக்க வேண்டும். கை முன்னால்தான் நீளும், முன்னால்தான் மடங்கும். முதுகுப் பக்கத்துக்கோ அசையத் துணி வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் இரண்டு பக்கத்தையும் ஒரே வளைவில் வெட்டினால், கக்கத்துக்கு முன்னால் துணி சுருண்டு நிற்கும். எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும், எத்தனை தரம் இஸ்திரி போட்டாலும் அது போகாது. தனக்குத் தையல் வராது என்று ஒரு பெண் முடிவு கட்டி மெஷினை மூடி வைப்பது பெரும்பாலும் அந்தச் சட்டையோடுதான். அவருக்குத் தையல் வந்துவிட்டது. வளைவைத்தான் யாரும் சொல்லித் தரவில்லை.

கடதாசியைத் துணியில் வைக்கும்போது பாவு நூல் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். மருதமுனைத் தறிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாவு இழுபடாது, ஊடை கொஞ்சம் இளகும், மூலைவாட்டில் பிடித்தால் துணி நன்றாகவே இழுபடும். பருத்தித் துணியாக இருந்தால் வெட்டுவதற்கு முதல் இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவிட வேண்டும். சுருங்குவதெல்லாம் முன்கூட்டியே சுருங்கிவிடும். கீழ்மடிப்பை 3 அங்குலமாக விட்டு வைத்தால் அடுத்த வருடம் இறக்கிக் கொடுக்கலாம். பழைய மடிப்புக் கோடு தெரியும் என்று நினைப்பவர்கள் அதன்மேல் ஒரு நாடா வைத்துத் தைத்துவிடலாம், அதுவும் அழகுதான். இப்படி ஒருமுறை சரியாக வந்துவிட்ட கடதாசி வெட்டு அந்தப் பிள்ளையின் சொத்து. பக்கத்தில் அரை அங்குலமும் நீளத்தில் இரண்டு அங்குலமும் கூட்டினால் அடுத்த வருடச் சட்டை. கழுத்தை மாற்றினால் வேறு சட்டை. இடுப்பில் வெட்டிச் சுருக்கு வைத்தால் பிறந்தநாள் சட்டை.

இந்தச் சொத்தை முதன்முதலில் பெரிய அளவில் வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தவர் ஒரு தையற்காரர்தான். அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்ரேர்லிங் என்ற சிற்றூரில் எபனேசர் பட்டரிக் 1863 இல் கடதாசி வெட்டுகளை விற்கத் தொடங்கினார். அதற்கு முன்னும் வெட்டுகள் அச்சாகின, ஆனால் அவை பெரும்பாலும் ஒரே அளவில் இருந்தன. தன் உடம்புக்கு ஏற்றபடி கூட்டிக் குறைப்பது வாங்கியவர் பாடு. பட்டரிக் ஒரே உடுப்பைப் பல அளவுகளில் வெட்டிக் கொடுத்தார். இரண்டாம் உலகப் போரில் நொறுங்கிப் போயிருந்த ஜெர்மனியில், ஒஃபன்பேர்க் நகரத்தில் ஏன்னே புர்டா என்ற பெண் 1950 இல் ஒரு சஞ்சிகை தொடங்கினார். 1952 இலிருந்து அதற்குள் மடித்து வைத்த வெட்டுத் தாளும் வந்தது. ஒரே தாளில் பல உடுப்புகளின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும். தனக்கு வேண்டிய கோட்டை மட்டும் வேறு கடதாசியில் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். போருக்குப் பிந்திய ஜெர்மன் வீடுகளில் குறைந்த செலவில் நல்ல உடுப்புப் போட அந்தத் தாள் கைகொடுத்தது. பிரிட்டன் 1941 ஜூனில் உடுப்புக்குப் பங்கீடு கொண்டுவந்தது. பழையதை அவிழ்த்துப் புதிதாகத் தைக்கும் முறைகளை 1943 இல் அரசே கைநூலாக வெளியிட்டது. போர் தின்ற நாடுகள் அவை. மெஷினோடு நின்றுவிடாமல் வெட்டையும் சனங்களின் கையில் கொடுத்தன.

இலங்கைக்கு மெஷின் வந்து வெகு காலம். சிங்கர் நிறுவனம் 1877 இலேயே இங்கே கடை திறந்துவிட்டது. இயந்திரங்களைப் பற்றி அவ்வளவு கடுமையாகப் பேசிய காந்தியும் 1924 இல் சிங்கர் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துப் படும் பாட்டைக் காணப் பொறுக்காமல் ஒருவர் அன்பினால் செய்த கருவி என்று அதை அவர் கருதினார். மட்டக்களப்பில் மகளுக்குக் கொடுத்த வீட்டோடு கால்மெஷினும் சேர்ந்து போன குடும்பங்கள் உண்டு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் நாடே இருளில் கிடந்தபோதும் அந்தக் கால்மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

வெட்டுத் தெரிந்தவர்கள் இந்த மாவட்டத்தில் பெருகாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாட்டின் தையல் அறிவு முழுவதும் தொழிற்சாலையின் பக்கம் சாய்ந்துவிட்டது. பிரேமதாச அரசு 1992 இல் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று இலங்கை ஆண்டுக்கு 400 கோடி டொலருக்கு மேல் ஆடை ஏற்றுமதி செய்கிறது. மட்டக்களப்பு மாவட்டத்தில் புணானையிலும் பிராண்டிக்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை இயங்குகிறது. விடிய முன் பஸ் வந்து ஊர் ஊராகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. அந்தச் சம்பளத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது, அதை மறுக்க ஏலாது. ஆனால் லைனில் இருக்கும் ஓப்பரேட்டர் காலை முதல் பின்னேரம் வரை ஒரே வேலையைத்தான் செய்கிறார். ஒருவர் கொலர் பொருத்துவார், ஒருவர் பொக்கற் வைப்பார், ஒருவர் பக்கத்தையல் மட்டும் போடுவார். மணித்தியாலத்துக்கு இத்தனை என்று டார்கெட். கை மின்னலாக ஓடும். வெட்டு கணினியில் வரைந்து, அடுக்கடுக்காக வெட்டி, கட்டுக் கட்டாக அவர்முன் வந்துவிடும். பத்து வருடம் தொழிற்சாலையில் தைத்த பெண் வேலையை விட்டு வீட்டுக்கு வந்ததும், தன் மகளின் சட்டையை வெட்டித் தரக் கேட்டுத் தையற்கடைக்குப் போகிறார். உலகத்துக்கே உடுப்புத் தைத்துக் கொடுக்கும் கைகளுக்கு ஒரு முழு உடுப்பை உண்டாக்கத் தெரியாமல் போவது பெரிய இழப்பு. அந்தப் பெண்ணிடம் வேகமும் நேர்த்தியும் ஏற்கெனவே உண்டு. வெட்டு மட்டும் சேர்ந்தால் அவர் எந்தக் கடைக்காரருக்கும் குறைந்தவரில்லை.

கடையில் ஆயத்த உடுப்பு மலிவாகக் கிடைக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வரும் உடுப்பின் விலையைப் பார்த்தால், புடவைக்கடையில் துணி வாங்கித் தைப்பது சில நேரம் கூடவே முடியும். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் உடுப்பின் பெறுமதி அது எத்தனை நாள் உழைக்கிறது, உடம்பில் எப்படி இருக்கிறது என்பதையும் பொறுத்தது. கச்சான் வீசும் மாதங்களில் பொலியெஸ்டர் சட்டை போட்ட பிள்ளையின் முதுகைப் பார்த்த தாய்க்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மலிவு உடுப்பில் தையலுக்கு உள்ளே விடும் துணி மிகக் குறைவு. பிள்ளை வளர்ந்தால் அவிழ்த்துக் கூட்ட இடமிருக்காது. வீட்டுச் சட்டையில் அந்த இடத்தை வேண்டுமென்றே விட்டு வைக்கலாம்.

அளவும் சும்மா வந்ததல்ல. எம், எல், எக்ஸ்எல் என்று கழுத்தில் ஒட்டியிருக்கும் எழுத்துகள் யாருடைய உடம்பைப் பார்த்து எழுதப்பட்டவை? 1939, 1940 ஆம் ஆண்டுகளில் அமெரிக்க விவசாயத் திணைக்களம் ஏறத்தாழ 15,000 பெண்களை ஆளுக்கு 59 இடங்களில் அளந்து, 1941 இல் முடிவுகளை வெளியிட்டது. பெண்களின் ஆயத்த ஆடை அளவுகளுக்கு அடித்தளம் போட்ட ஆய்வுகளில் அது முக்கியமானது. வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகளை அதில் சேர்க்கவில்லை. இந்தியா தன் மக்களுக்கென அளவு அட்டவணை வேண்டும் என்று 25,000 பேரை அளக்கும் திட்டத்தைத் தொடங்கியதே அண்மையில்தான். தோளுக்குச் சரியென்றால் இடுப்புக்குப் பெரிது, இடுப்புக்குச் சரியென்றால் கை முழங்காலைத் தொடுகிறது என்று உடுப்பு மாற்றும் அறைக்குள் நின்று தன் உடம்பை நொந்துகொள்ளும் பெண்ணிடம் இதைச் சொல்ல வேண்டும். குறை அவருடைய உடம்பில் இல்லை.

கடை உடுப்பே பொருந்தாத உடம்புகளும் இங்கே நிறைய இருக்கின்றன. போர் நடந்த ஊர் இது. ஒரு கையை இழந்தவருக்குப் பட்டன் வரிசை வைத்த சேட் தினமும் ஒரு போராட்டம். பட்டனை மேலே அலங்காரமாக வைத்துவிட்டு, உள்ளே ஒட்டு நாடா தைத்துக் கொடுத்தால் அவர் தானாகவே உடுத்திக்கொள்வார். பொய்க்கால் போட்டவருக்குக் களிசானின் பக்கத்தையலில் முழங்கால்வரை ஒரு சிப். படுக்கையில் கிடக்கும் அம்மம்மாவுக்கு முதுகுப் பக்கம் முழுக்கத் திறக்கும் கவுண். பால் கொடுக்கும் தாய்க்கு மடிப்புக்குள் திறப்பு மறைந்திருக்கும் சட்டை. இவற்றில் எதுவும் கடையில் தொங்குவதில்லை. இருக்கும் வெட்டில் ஒரு கோட்டை மாற்றினால் எல்லாம் வீட்டிலேயே ஆகும். வெட்டுத் தெரிந்த ஒரு மகளோ மகனோ அந்த வீட்டில் இருந்தால் போதும்.

மகனோ என்று சொன்னது வேண்டுமென்றேதான். சமையலும் துவையலும் தண்ணீர் அள்ளுவதும் போதாதென்று தையலையும் பெண்ணின் தலையில் கட்டுவதா என்ற கேள்விக்கு, மட்டக்களப்பில் அர்த்தம் அதிகம். நுண்கடன் தவணைக்காகவே இரவில் கண் விழிப்பவர்கள் இங்கே உண்டு. அவர்களிடம் போய் உங்கள் உடுப்பை நீங்களே தையுங்கள் என்று உபதேசம் செய்வது கொடுமை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு தைக்கும்போது அது ஆணின் தொழிலாகவும், வீட்டுக்குத் தைக்கும்போது பெண்ணின் கடமையாகவும் ஆகிவிட்டது எப்படி? மட்டக்களப்பு நகரத்திலும் கல்முனையிலும் பழைய தையற்கடைகளில் மெஷினுக்குப் பின்னால் இருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். ஆண்பிள்ளைக்குக் கத்தரி பிடிக்க வராது என்று யாரும் சொல்லிவிட ஏலாது. 6 ஆம் தரத்திலிருந்து 9 ஆம் தரம் வரை செயன்முறைத் தொழினுட்பத் திறன் என்று ஒரு பாடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கிறது. ஆண், பெண் இருபாலாருக்கும் அதில் ஒரு தவணை வெட்டும் தைப்பும் என்று முறையாக ஒதுக்கினால், பள்ளியை விட்டுப் போகும்போது தன் சாரத்தையும் தன் சேட்டையும் தானே தைத்துக்கொள்ளத் தெரிந்த தலைமுறை ஒன்று உருவாகும்.

தையற்கடைக்காரர்களின் வயிற்றில் அடிக்கும் யோசனையும் அல்ல இது. வீட்டுச் சட்டையும் சீருடையும் வீட்டுக்குப் போனாலும், கலியாண பிளவுஸும் கோட்டும் அவர்களிடம்தான் வரும். வெட்டுக்கூலி வேறு, தையல்கூலி வேறு என்று பிரித்து, வெட்டி மட்டும் கொடுக்கும் வழக்கத்தைப் பெருக்கினால் அவர்களுக்கும் நேரம் மிச்சமாகும், மெஷின் இருந்தும் வெட்டத் துணியாத பெண்களுக்கும் கை தெளியும். ஒரு வருடம் அவர் வெட்டித் தருவதைத் தைத்தவர், அடுத்த வருடம் அந்தத் துண்டுகளைப் பார்த்துத் தானே வெட்டிக்கொள்வார்.

வெட்டு இப்படிக் கைமாறிப் பரவுவது காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஏற்கெனவே நடக்கிறது. அபாயா தைப்பது அங்கே பல வீடுகளில் கைத்தொழில். அகன்ற, நேரான வெட்டு என்பதால் ஒருவரைப் பார்த்து ஒருவர் எளிதில் பழகிக்கொள்கிறார்கள். ஒரு வீட்டில் சரியாக வந்த கடதாசி பக்கத்து வீட்டுக்குப் போனது, அவ்வளவுதான்.

கடதாசி அப்படிப் போய்ச்சேராத ஊர்களைத்தான் நினைக்க வேண்டும். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை படுவான்கரைச் சனங்கள் அந்தத் துறையில் வாவியைப் படகுப்பாதையில் ஏறித்தான் கடந்தார்கள். பாலம் வந்த பிறகும், கொக்கட்டிச்சோலைக்கு உள்ளே இருக்கும் ஒரு தாய்க்குச் சீருடை தைப்பிக்க ஒரு பயணம், அதை வாங்கிவர இன்னொரு பயணம், பொருந்தாவிட்டால் மூன்றாவது. பஸ் காசும் அன்றைய கூலியும் சேர்ந்தால், இலவசமாக வந்த துணி அந்தத் தாய்க்கு இலவசமாக முடிவதில்லை.

ஆகவே கேட்பது பெரிய காசல்ல. ஒரு தாள். இலங்கை முழுவதும் பாடசாலைச் சீருடை ஏறத்தாழ ஒன்றுதான். கொலரும் டையும் பாடசாலைக்குப் பாடசாலை மாறினாலும், பெண்பிள்ளையின் வெள்ளைச் சட்டை, முஸ்லிம் மாணவியரின் உடை, ஆண்பிள்ளையின் சேட், நீலக் காற்சட்டை, வெள்ளைக் களிசான் என்று விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய வெட்டுகளுக்குள் எல்லாப் பிள்ளைகளும் அடங்கிவிடுவார்கள். 6 வயதிலிருந்து 18 வயது வரை அளவு வாரியாகக் கோடு போட்டு, பாவு நூல் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அம்புக்குறி இட்டு, எதை முதலில் தைப்பது, எதை அடுத்துத் தைப்பது என்று நல்ல தமிழில் படத்தோடு அச்சிட்டு, துணிப் பொட்டலத்துக்குள் மடித்து வைத்துக் கொடுக்க முடியும். துணியோடு ஒப்பிட்டால் அதன் செலவு ஒரு பொருட்டே அல்ல. வரைந்து கொடுக்க ஆளும் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. கிராம அபிவிருத்தித் திணைக்களத்தின் ஆசிரியைகள் இருக்கிறார்கள், பாடசாலைகளில் மனைப்பொருளியல் ஆசிரியைகள் இருக்கிறார்கள்.

தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. பெண்கள் பக்கத்தில் வாரம் தவறாமல் சமையல் குறிப்பு வருகிறது. மாதம் ஒருமுறை விரித்த பக்கம் முழுவதும் ஒரு குழந்தைச் சட்டையின் வெட்டு, உள்ளபடி அளவில் வரட்டும். தையற்காரர்கள் காலம் காலமாக வெட்டுப் போடுவது பழைய பத்திரிகையில்தான். தாளின் அளவும் போதும்.

துணிப் பொட்டலத்தோடு வெட்டுத் தாள் கொடுப்பதைக் கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களம் மட்டக்களப்பில் ஒரு கல்வி வலயத்திலாவது ஒரு வருடம் செய்து பார்க்க வேண்டும். அடுத்த துணிப் பொதி வருவதற்கு முன் அந்தத் தாளை வரைந்து முடிக்கலாம்.